என்வலப்போடு ஒரு செல்பி

கத்தாரில் வேலை செய்யும் எங்கள் கற்பிட்டிப் பொடியன்கள் அனுப்பும் காசை, கஷ்டப்பட்ட குடும்பங்களுக்குக் கொடுப்பவன் நான். கொடுக்கும்போது சேர்ந்து நின்று ஒரு செல்பி எடுத்து ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போடுவேன்.

ஒருநாள் உதவி கேட்டு என் வீட்டுக்கு வந்த பெண்ணின் கணவர், கடலில் அடிபட்டு வாசலில் வேனுக்குள் கிடந்தார். உடனே கொழும்புக்குக் கொண்டுபோக வேண்டும். காசு வைத்த என்வலப்பை அந்தப் பெண்ணிடம் கொடுத்து, போனைத் தூக்கினேன்.

"படம் வேணாம் தம்பி. மகளுக்கு மாப்புள பேசிக்கிட்டிருக்கம். அவங்கட போனுக்கும் போகும்."

"படம் இல்லாம தர ஏலாது ராத்தா."

அந்தப் பெண் என்வலப்பை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அப்போதும் நான் யோசித்துக்கொண்டுதான் நின்றேன். வேன் நகர்ந்த பிறகுதான் ஓடிப்போய் அதை ஜன்னலுக்குள் திணித்தேன்.

திரும்பி வந்து பழைய படங்களைப் பார்த்தேன். காசு வாங்கிய ஒருவர்கூடக் கேமராவைப் பார்க்கவில்லை. எல்லாவற்றிலும் சிரித்துக்கொண்டு நின்றது நான் மட்டும்தான்.