வியர்த்த தரை

இருபது வருஷமாக அடுத்தவர் வீட்டுத் தரைக்கடியில் குழாய் பதித்தே காலம் தள்ளியவர் நம் பைப்காரர். குளிர்காலத்தில் அந்தக் குழாயில் வெந்நீர் ஓடும், கோடையில் குளிர்ந்த நீர்; தரை வழியாகவே வீடு சூடாகும், குளிரும். சொந்த வீட்டில் மட்டும் வெறும் தரைதான். தனியாக இருந்த அம்மாவை அழைத்துவந்து வைத்துக்கொண்ட பிறகுதான் அவருக்கு உறைத்தது. ஏசி காற்று பட்டால் அம்மாவுக்கு மூட்டு பிடித்துக்கொள்ளும், ஹீட்டர் போட்டால் இருமல் விடாது. சரி, நம் தரையையும் தோண்டிவிடுவோம் என்று இறங்கினார்.

மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "ஊருக்கெல்லாம் ஈரப்பத சென்சார் மாட்டுறீங்க. நம்ம வீட்டுக்கு வேணாமா?"

"அது தெரியாதவங்களுக்கு. தரையில கால் வச்சாலே எனக்குத் தெரிஞ்சிடும்."

தொழில் தெரிந்தவருக்குக் கொஞ்சம் பயமும் தெரிய வேண்டும். இவரிடம் அது மருந்துக்கும் இல்லை. காற்றில் ஈரம் ஏறினால் குளிர்ந்த தரை வியர்க்கும், சென்சார்தான் குளிர்ச்சியை நிறுத்தும் என்று வீட்டுக்காரர்களுக்குப் பாடம் எடுத்தவரும் இவரேதான். தன் கால் பகல் முழுக்க வேலைக்குப் போய்விடும் என்பது மட்டும் அவர் புத்திக்கு எட்டவில்லை.

கோடை மழை கொட்டிய ஒரு மதியம், வேலை நடந்த வீட்டில் சுவரிலிருந்த சென்சார் பெட்டி 'டக்'கென்று குளிர்ச்சியை நிறுத்தியது. அப்போதுதான் இவருக்குத் தன் வீட்டு நினைப்பு வந்தது. மனைவி ஆபீசில். அம்மா மட்டும் வீட்டில், அதுவும் மழை என்றால் எல்லா ஜன்னலையும் திறந்துவிடுகிறவள். போன் அடித்தார். எடுக்கவில்லை. போட்டது போட்டபடி ஓடினார். வழியெல்லாம் அம்மா வழுக்கி விழுந்து கிடப்பதுதான் கண்ணில் ஓடியது.

வீட்டுத் தரை முழுக்க ஈரம். அம்மா விழவில்லை. குளியலறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, குழாயைத் திறந்துவிட்டு, சற்றுமுன் உடுத்தியிருந்த துணியைத் துவைத்துக்கொண்டிருந்தாள். மகனைப் பார்த்ததும் முகம் செத்துப்போனது.

"ஒண்ணுக்கு எப்போ போச்சுன்னே தெரியலடா. தூங்கி எழுந்து கால் வச்சா கட்டிலைச் சுத்தி ஒரே ஈரம். துணி ஓரமெல்லாம் நனைஞ்சிருக்கு. உன் பொண்டாட்டிகிட்ட சொல்லிடாத. என்னை எங்கேயும் கொண்டுபோய் விட்டுடாதீங்கடா."

"ஐயோ, அது நீ இல்லம்மா! தரை வியர்த்திருக்கு. என் தப்பும்மா." கையைப் பிடித்து மெல்ல நடத்திக்கொண்டுபோய், கூடத்திலிருந்து சமையலறை வரைக்கும் படர்ந்திருந்த ஈரத்தைக் காட்டினார்.

அம்மா பார்த்தாள். ஈரக்கையால் மகன் கன்னத்தைத் தடவினாள். "தரை எங்கடா வியர்க்கும்? எனக்காகப் பொய் சொல்லாத."

மறுநாளே சென்சார் மாட்டினார். அன்று முதல் அம்மா பகலில் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். நாக்கு வறண்டாலும் ஒரு வாய் இறங்காது. "பாத்தியா, இப்போ தரை காஞ்சே இருக்கு" என்கிறாள்.