ஈச்ச மரத்தடியில் மாதா

ஒரு கிண்ணம் பேரீச்சம்பழத்தால் எனக்கு முதல்நன்மை கிடைக்காமல் போகப் பார்த்தது.

அப்போது நாங்கள் முல்லைத்தீவில், கடற்கரைக்குக் கிட்ட இருந்தோம். அப்பா கருவாடு வாங்கி லொறியில் வவுனியாவுக்கு அனுப்புகிறவர். எங்கள் வளவுக்கும் பக்கத்து வளவுக்கும் நடுவே கிடுகு வேலி. அதில் ஆள் குனிந்து நுழைகிற அளவுக்கு ஒரு பொட்டு இருந்தது. வேலி புதுக்கும்போதெல்லாம் அப்பா அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுத்தான் அடைப்பார். அந்தப் பக்கம் ஒரு முஸ்லிம் குடும்பம். கடைத்தெருவில் அவர்களுக்குப் புடவைக்கடை இருந்தது. அந்த வீட்டுப் பிள்ளைகள் தாயையும் தகப்பனையும் உம்மா, வாப்பா என்று கூப்பிடுவதைக் கேட்டு, அதுதான் அவர்களுடைய பெயர் என்று நினைத்து நானும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டேன். அம்மா என்னைத் திருத்தப் போனபோது உம்மா விடவில்லை.

அந்த வருடம் அவர்களுடைய நோன்பும் எங்களுடைய தபசு காலமும் ஒன்றாக வந்தன. அம்மாவுக்கு வயிற்றில் பிள்ளை, மாதமும் நெருங்கியிருந்தது. தம்பி பிறந்தபோது பட்ட பாட்டை நினைத்து அம்மா வாய்விட்டுச் சொல்லாமல் பயந்துகொண்டிருந்தார். உயிர்த்த ஞாயிறு முடிந்ததும் எனக்கு முதல்நன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்குகிற நாள். அதற்கான வெள்ளைச் சட்டையை அம்மா கையால் தைத்துக்கொண்டிருந்த ஒரு பின்னேரம், உம்மா பொட்டுக்குள்ளால் வந்து கிண்ணத்தை நீட்டினார்.

"சாப்பிடுங்கோ. பிள்ளை பெறப் போறவைக்கு நல்லது. மர்யமுக்கே அல்லாஹ் இதைத்தான் குடுத்தவன்."

"ஆர் மர்யம்?" என்று கேட்டார் அம்மா.

"உங்கட மாதாதான்."

அம்மா ஊசியைத் துணியில் குத்திவிட்டு நிமிர்ந்தார். இவ்வளவு காலம் பக்கத்தில் இருந்தும் எங்கள் மாதாவை உம்மாவுக்குத் தெரியும் என்பது எங்களுக்குத் தெரியாது.

உம்மா கதையைச் சொன்னார். மர்யம் தனியாக ஓர் ஈச்ச மரத்தடிக்குப் போனாவாம். பிள்ளைநோவு வந்து, மனம் நொந்து அழுதாவாம். கவலைப்படாதே, காலடியில் ஊற்று ஓடுகிறது, மரத்தைப் பிடித்து உலுப்பு என்று ஒரு குரல் கேட்டதாம். உலுப்பினால் பழம் பொலபொலவென்று விழுந்ததாம். பிறகு ஊராட்கள் வந்து, இந்தப் பிள்ளை எப்படி வந்தது என்று தாயைக் கேட்க, தொட்டிலில் கிடந்த குழந்தையே வாய் திறந்து பதில் சொன்னதாம்.

எனக்குத் தெரிந்த ஈச்சை எங்கள் பக்கத்துப் பற்றைகளில் நிற்பது. என் இடுப்புக்கு மேல் வளராது. பக்கத்தில் போனால் முள்ளுக் குத்தும். இவ்வளவு சின்னப் பற்றையை மாதா எப்படி உலுப்பியிருப்பா, கையெல்லாம் கீறியிருக்குமே என்று யோசித்தேனே தவிர, கதையில் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

அடுத்த ஞானோபதேச வகுப்பில் சிஸ்டர் என்னை எழுப்பி, யேசு பாலன் எங்கே பிறந்தார் என்று கேட்டார். ஈச்ச மரத்தடியில் என்றேன். சிஸ்டர் முகம் மாறியதைக் கவனியாமல் ஊற்றையும் பழத்தையும் சொன்னேன். தொட்டிலில் பிள்ளை கதைத்ததைச் சொன்னபோது வகுப்பு முழுதும் வாய் பிளந்து கேட்டது.

"அப்ப மாட்டுத்தொழுவம் எங்க?" என்றார் சிஸ்டர்.

"மரத்துக்குப் பக்கத்தில நிண்டிருக்கும், சிஸ்டர்."

இப்படிப்பட்ட பிள்ளைக்கு நன்மை கொடுக்கலாமா என்று பங்குச் சுவாமியாரிடம் கேட்க வேண்டும் என்று சொல்லி என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். வெளியே வந்ததும் மற்றப் பிள்ளைகள் என்னைச் சூழ்ந்துகொண்டு, குழந்தை வேறு என்ன கதைத்தது என்று கேட்டார்கள். அது ஒன்றுதான் ஆறுதல்.

வீட்டில் அம்மா தைத்த சட்டையை மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டார். அப்பாவுக்குச் சட்டையைப் பற்றிக் கவலையில்லை. "சாமியார் அந்த வீட்டுக்குப் போகவேண்டாம் எண்டு சொன்னா நான் என்ன செய்யிறது?" என்று வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த நாள் பின்னேரம் சுவாமியார் சைக்கிளில் வந்தார். நெஞ்சு வரைக்கும் தாடி. அப்பா கதிரையைத் துடைத்து வைத்தார். யார் சொன்ன கதை என்று சுவாமியார் கேட்க, நான் வேலிப் பொட்டைக் காட்டினேன். கூட்டிவரச் சொன்னார். வாப்பா அப்போதுதான் கடையிலிருந்து வந்திருந்தார். இருவரும் வந்தார்கள். உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக் கதவோரம் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றார்.

"பிள்ளைக்குச் சொல்லிக் குடுத்தது நீங்களோ?"

"பிள்ளைக்கில்லை சாமி, தாய்க்குத்தான் சொன்னன். இது பக்கத்தில இருந்து கேட்டிட்டுது."

"உங்கட வேதத்தில மாதா இருக்கிறாவோ?"

வாப்பா பதில் சொன்னார். "மர்யம் எண்டே ஒரு சூறா, ஒரு முழு அத்தியாயம் இருக்கு சாமி. எங்கட குர்ஆன்ல பேர் சொல்லியிருக்கிற பொம்பிளை அவ ஒராள்தான்."

சுவாமியார் தாடியைத் தடவினார். "யேசுவை என்ன சொல்லுவியள்?"

"ஈசா நபி. தகப்பன் இல்லாமப் பிறந்தவர் எண்டு நாங்களும் நம்புறம். ஆனா அல்லாட மகன் எண்டு சொல்லமாட்டம்."

"அது சின்ன வித்தியாசம் இல்லையே."

"இல்லை சாமி. பெரிய வித்தியாசம்தான்."

அப்பா வேலிப் பொட்டைத் திரும்பிப் பார்த்தார். ஆனால் சுவாமியார் கோபிக்கவில்லை. ஒளித்துப் பேசாத ஒரு ஆளைக் கண்டதில் அவருக்குச் சந்தோஷம் போலிருந்தது. உம்மாவிடம் கதையை முதலிலிருந்து கேட்டார். இடையிடையே வாப்பா அரபியில் ஓதி, பொருள் சொன்னார். நான் இதுதான் தருணமென்று முள்ளுப் பற்றைச் சந்தேகத்தைக் கேட்டேன். அந்த நாட்டு ஈச்சை எங்கள் பனைபோல் நெடுத்து நிற்கும் என்றார் வாப்பா. மாதாவின் கை கீறவில்லை என்று எனக்கு நிம்மதியாயிற்று.

சுவாமியார் என் பக்கம் திரும்பினார். "எங்கட வேதத்தில யேசு எங்க பிறந்தவர்?"

"மாட்டுத்தொழுவத்தில."

"உம்மாட வேதத்தில?"

"ஈச்ச மரத்தடியில."

"இனி சிஸ்டர் கேட்டா என்ன சொல்லுவாய்?"

"எந்த வேதத்தில எண்டு கேப்பன், சுவாமி."

தாடி குலுங்கக் குலுங்கச் சிரித்தார். சிஸ்டரிடம் தானே கதைப்பதாகச் சொல்லி, தேத்தண்ணி குடித்து, பேரீச்சம்பழத்தில் இரண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார். அதன் பிறகு கடைத்தெருவுக்கு வரும்போதெல்லாம் புடவைக்கடை வாசலில் அவருடைய சைக்கிள் நிற்கும். உள்ளே இரண்டு பேரும் அந்தப் பெரிய வித்தியாசத்தைப் பற்றிக் கதைத்து முடிக்காமலே இருந்தார்கள்.

நன்மை வாங்கிய அன்று உம்மா வட்டிலாப்பம் செய்துகொண்டு வந்தார். சொந்தக்காரர் எல்லாரும் சாப்பிட்டுக் கலைந்த பிறகு, அம்மா களைத்துப்போய்ப் பாயில் சாய்ந்திருந்தார். உம்மா அவருடைய வீங்கிய காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். நான் வெள்ளைச் சட்டை கசங்காமல் பக்கத்தில் இருந்தேன்.

"அந்த இடத்தை இன்னொருக்காச் சொல்லுங்கோ," என்றார் அம்மா.

"எது, தொட்டில் பிள்ளை கதைச்சதோ?"

"இல்லை. அதுக்கு முன்னம். நோவு வந்த இடம்."

உம்மா சொன்னார். நோவு தாங்காமல் மர்யம் மரத்தில் சாய்ந்து, இதற்கு முன்னமே நான் செத்துப்போயிருக்கக் கூடாதா, எல்லாரும் என்னை மறந்துபோயிருக்கக் கூடாதா என்று அழுத இடத்தை, ஆறுதலாகச் சொன்னார்.

"எங்கட மாதாவுக்கு நோகவேயில்லை எண்டுதான் எங்களுக்குப் படிப்பிச்சவை," என்றார் அம்மா. கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் பல நாட்களாக அந்த முகத்தில் காணாத ஒரு தெளிவு வந்திருந்தது.

அந்தக் கிழமையே தங்கச்சி பிறந்தாள். மருத்துவிச்சி வருமுன்னமே உம்மா வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

எது எந்த வேதத்தில் இருக்கிறது என்பதில் நான் அதற்குள் கெட்டிக்காரி ஆகியிருந்தேன். ஆகவே இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இந்த விஷயத்தில் எங்கள் மாதாவே மேல் என்று முடிவுகட்டினேன். நோகாமல் பிள்ளை பெறுவதல்லவா பெரிய காரியம். நொந்து அழுத மாதாவின் கதையை அம்மா ஏன் கேட்டு வாங்கிக் கேட்டார் என்பது, எனக்கு முதல் பிள்ளை பிறந்த நாள் வரைக்கும் விளங்கவில்லை.