அண்ணன் தொடாத வடை

என் அண்ணன் நோன்பு வைப்பதைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். பசியில் எரிவது தனி, இது வேறு எரிச்சல். அந்த வருடம் ரம்ஜான் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் வெயிலில் வந்தது. ஏழாவது படித்த நான் மாலையில் வீட்டுக்கு வந்ததும் மின்விசிறிக்கு நேர் கீழே தரையில் விழுந்துவிடுவேன். பத்தாவது படித்த அண்ணனோ அத்தாவின் கடைக்குப் போய்ப் பட்டுப்புடவை வைக்கிற அட்டைப்பெட்டிகளை ஒட்டிக் கொடுப்பான், பள்ளிவாசலிலிருந்து தூக்கில் கஞ்சி வாங்கி வருவான். முகத்தில் சிரிப்பு மாறாது.

"அண்ணனப் பாரு, எவ்ளோ சுறுசுறுப்பா இருக்குறான். நீயும்தான் இருக்குறியே" என்று சொல்லிக்கொண்டே அம்மா என்னைத் தாண்டிப் போவாள்.

மாதம் முழுக்க விடாமல் நோன்பு வைப்பவருக்குப் பெருநாளன்று கைக்கடிகாரம் என்று அத்தா சொல்லியிருந்தார். ஒரே ஒரு கடிகாரம். நானும் ஒரு நோன்பைக்கூட விடவில்லை. ஆனால் முனகிக்கொண்டே வைத்த நோன்பை யார் மதிக்கிறார்கள்? கடிகாரம் அண்ணனுக்குத்தான் என்று வீட்டில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

இவன் திருட்டுத்தனமாக எதையோ தின்கிறான் என்று முடிவுகட்டி, ஒருநாள் அவன் பின்னாலேயே மொட்டைமாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, கீழ் உதட்டை இழுத்து, சின்ன வெள்ளைப் பொட்டலம் ஒன்றை உள்ளே ஒதுக்கிக்கொண்டிருந்தான். புகையிலை நெடி குப்பென்று அடித்தது.

"நோன்பு வெச்சிக்கினு துன்றியா?"

"துன்னலமா. முழுங்கவே மாட்டேன், துப்பிடுவேன். உதட்டுல வெச்சா நோன்பு முறியாது. எங்க கிளாஸ் பசங்க நெறைய பேரு வெக்கிறாங்க. பசியே தெரியாது."

"அப்ப எனக்கும் ஒண்ணு குடு."

அவன் சிரிப்பு சட்டென்று நின்றது. "உனுக்கு வாணாம். கைய எடு" என்று மீதிப் பொட்டலங்களைச் சட்டைப்பைக்குள் திணித்தான். கடிகாரம் எனக்கு வந்துவிடும் என்றுதான் பதுக்குகிறான் என நினைத்தேன். வகுப்புப் பையன்களுக்கெல்லாம் கிடைக்கிற வித்தை கூடப்பிறந்தவளுக்குக் கிடையாதாம்! அன்று முழுக்க அவன்மேல் கருவிக்கொண்டே இருந்தேன்.

அன்று நோன்பு திறக்க அத்தாவின் அண்ணன், எங்கள் பெரியத்தா, வந்திருந்தார். பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் எல்லோர் கையும் மசால் வடைக்குப் போனது. அண்ணன் மட்டும் தன் வடையைத் தொடாமல், கஞ்சியை ஆற வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சினான். பெரியத்தாவுக்குப் பூரிப்பு தாங்கவில்லை.

"நாம எல்லாம் வடை மேல பாயறோம். இவனப் பாருங்கப்பா, எவ்ளோ அடக்கமா ஒக்காந்துகினு இருக்குறான்!"

அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. "அவன் உதட்டுல புகையிலை வெச்சிக்கினுதான் நோன்பு இருக்குறான்!" என்று கத்திவிட்டேன்.

வீடு இரண்டு பட்டது. விழுங்காத வரைக்கும் முறியாது என்றார் பெரியத்தா. எச்சில் தொண்டைக்குள் இறங்காமல் எங்கே போகும் என்றாள் அம்மா. அத்தா பள்ளிவாசல் ஹஜரத்துக்குப் போன் போட்டார். அவரிடம் கேட்டது ஒரே கேள்விதான், நோன்பு செல்லுமா செல்லாதா? செல்லாது, அத்தனையையும் பெருநாளுக்குப் பிறகு திருப்பி வைக்கணும் என்று பதில் வந்தது. அப்படியானால் கடிகாரம் சின்னவளுக்கு என்று அத்தா தீர்ப்புச் சொல்ல, விவகாரம் முடிந்தது. அந்தப் பொட்டலம் எங்கே விற்கிறது, எத்தனை நாளாக வைக்கிறான் என்று ஒருவரும் கேட்கவில்லை. வாயைத் திற பார்க்கலாம் என்றும் சொல்லவில்லை.

அடுத்த வருடம் டாக்டர் டார்ச் அடித்துக் காட்டியபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. வாய்க்குள் வெந்து, தசை இறுகி, இரண்டு விரல் நுழையும் அளவுக்குக்கூட அவனால் வாயைத் திறக்க முடியவில்லை. காரம் பட்டால் உயிர் போகும். பெரியத்தா மெச்சிய அடக்கம் அதுதான்.

அத்தா தீர்ப்புச் சொன்ன அன்றைக்கு அண்ணன் தன் வடையை என் பக்கம் நகர்த்தினான். ஜெயித்த திமிரில் நான் ஆவென்று வாயைத் திறந்து அதை ஒரே கடியாகக் கடித்தேன். அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். பொறாமையில்தான் பார்க்கிறான் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. கடிகாரம் போன பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.