பேன் சுகாதாரம், முடி சமயம்

என் தலைமுடியை அப்பா மாரியம்மனுக்கு நேர்ந்துவிட்டபோது என்னைக் கேட்கவில்லை. அம்மாவுக்குக் காசநோய் என்று ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போன அன்று, தோட்டத்துக் கோயில் வாசலில் நின்று, "அவ சொகமாகி வந்தா புள்ளையோட முடிய எறக்குறேன் தாயே" என்று சொல்லிவிட்டார். தன் தலையைக் கொடுத்திருக்கலாம். ஆனால் அதில் அப்போதே அவ்வளவாக ஒன்றும் இல்லை. அம்மன் ஒத்துக்கொண்டிருக்க மாட்டாள். எனக்கு எட்டு வயது. முடி இடுப்பு வரை கிடந்தது.

இது எழுபதுகளின் நடுப்பகுதி. இலங்கை மலையகத்தில், ஹட்டனில் பஸ் ஏறி, பஸ் இனிமேல் போகாது என்கிற இடத்தில் இறங்கி நடந்தால் எங்கள் தோட்டம். அப்பாவுக்கு ஸ்டோரில் வேலை. தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். அதில் இரவு வேலைதான் அவருக்கு. அம்மா போன பிறகு நான் லயத்துக் காம்பராவில் தனியாகப் படுத்தேன். தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர் ஐயா இதைக் கேள்விப்பட்டு மேலே எழுதிப் போட்டார்: சிறு பிள்ளை, நோயாளித் தாய், இரவில் யாருமில்லாத வீடு.

மூன்றும் உண்மை. ஆனால் லயத்தில் ஒருவர் தனியாக இருப்பது எப்படி என்று அவர் யோசிக்கவில்லை. ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகக் காம்பராக்கள். நடுச்சுவர் கூரையைத் தொடாது. நான் இருமினால் வலப்பக்கத்துச் சித்தி, "தண்ணியக் குடிச்சிட்டுப் படுடி" என்பார். புரண்டால் இடப்பக்கத்து மாமா, "இன்னும் தூங்கலையா கழுத" என்பார். தூக்கத்தில் ஒருமுறை வாய்ப்பாடு ஒப்பித்தேனாம். இரண்டு காம்பரா தள்ளியிருந்து தப்பைத் திருத்தியிருக்கிறார்கள்.

இந்தச் சுவர் விஷயம் நீதிமன்றம் வரை போய்ச் சேரவில்லை. பிள்ளையை ஒரு வருடத்துக்குத் தகுதியான ஆள் ஒருவரிடம் ஒப்படைக்கும்படி நீதவான் உத்தரவிட்டார். அந்தத் தகுதியான ஆட்கள் ஹட்டன் டவுனில் வாடகை வீட்டில் இருந்த ஒரு ஆசிரியத் தம்பதி. பிள்ளை இல்லாதவர்கள், வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். எனக்கு அன்றிலிருந்து அவர்கள் டீச்சர், மாஸ்டர்.

வெளியே வந்ததும் அப்பா கேட்டார்: "அவங்க தகுதியான ஆளுன்னா, அப்ப நான் யாரு?"

கேட்டது, ஒப்படைத்த பிள்ளைகளை நீதிமன்றத்துக்காகக் கவனிக்கும் நன்னடத்தை உத்தியோகத்தரிடம். சிங்களப் பெண். ஹட்டனில் பழகிய தமிழ் பேசுவார். நாங்கள் அவரை நோனா என்போம். "அப்பா, பயப்பட வேணாம். புள்ள ஒங்க புள்ளதான்" என்று சொல்லி, ஒவ்வொரு விரலாக மடக்கினார். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கலாம். பிள்ளையின் சமயத்தை யாரும் மாற்ற முடியாது, அது அப்பா அம்மாவின் பொறுப்பு. சாப்பாடு, படிப்பு, சுகாதாரம் டீச்சர் பொறுப்பு, ஆனால் காய்ச்சல் கண்டால் உங்களுக்குச் சொல்லியனுப்ப வேண்டும். உங்கள் சம்மதம் இல்லாமல் யாருக்கும் தத்துக் கொடுக்க முடியாது. வீட்டு நிலைமை சரியானால் பிள்ளையைத் திருப்பிக் கேட்கலாம். ஐந்து விரலும் மடங்கி முடிந்ததும் அப்பா அவருடைய மற்றக் கையைப் பார்த்தார்.

உரிமை என்ற சொல்லை அப்பா அதுவரை ஒரே ஓர் இடத்தில்தான் கேட்டிருந்தார்: தொழிற்சங்கக் கூட்டத்தில். ஆகவே முதல் ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்க வரும்போது தோட்டத் தலைவரையும் கூட்டிக்கொண்டு வந்தார். தலைவர் என்றால் சங்கத் தலைவர். தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் போய்ப் பேசுகிறவர். வெள்ளை வேட்டி, கோட்டு, கக்கத்தில் குடை.

அவர்கள் வருவதற்குள் டீச்சர் என் முடியைக் காதோடு வெட்டிவிட்டிருந்தார்.

அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். "என்னாங்க டீச்சரம்மா இது? யாரக் கேட்டு வெட்டுனீங்க?"

"தல முழுக்கப் பேனுங்க. தலகாணியில ஊருது. பள்ளிக்கூடத்துக்கு எப்படி அனுப்புறது?"

"அது அம்மனுக்கு நேந்த முடிங்க!"

"அப்படின்னு முடியில எழுதியிருக்கலைங்களே."

தலைவர் குடையைத் தரையில் ஊன்றினார். "தொழிலாளியோட சம்மதம் இல்லாம நிர்வாகம் எடுத்த தன்னிச்சையான முடிவு இது."

நிர்வாகம் என்று தன் மனைவியைச் சொன்னது மாஸ்டருக்குச் சுருக்கென்றது. அவரும் ஆசிரியர் சங்கத்தில் இருந்தவர். "தலைவரே, பேச்சுவார்த்தைக்கு வர்றதுன்னா முன்கூட்டியே அறிவிக்கணும். அந்த நடைமுறை ஒங்களுக்குத் தெரியாதா?"

டீச்சர் கொண்டுவந்து வைத்த தேத்தண்ணியைத் தலைவர் தொடவில்லை. பேச்சு முடியாமல் குடிப்பது சங்க ஒழுங்குக்கு விரோதமாம். அப்பாவும் குடிக்கவில்லை, ஆனால் கோப்பையை அடிக்கடி பார்த்தார். பேன் என்பது சுகாதாரம், சுகாதாரம் என் பொறுப்பு என்றார் டீச்சர். நேர்த்தி என்பது சமயம், சமயம் என் பொறுப்பு என்றார் அப்பா. தேத்தண்ணியில் ஆடை படிந்தது. நான் கதவோரம் உட்கார்ந்து, முடி இல்லாத கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தேன். என்னிடம் கேட்டிருந்தால், குளிருகிறது என்று சொல்லியிருப்பேன்.

வழக்கு நோனாவிடம் போனது. அவர் மாரியம்மனையும் அறியார், வேதத்தையும் அறியார். ஆனால் அவருக்கும் பள்ளிக்கூடம் போகும் மகள் ஒருத்தி இருந்தாள். ஆகவே பேனை அறிவார். அடுத்த ஞாயிறு வந்து உட்கார்ந்து இரண்டு தரப்பையும் கேட்டார். பிறகு என் தலையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, சரி என்பதற்கான சிங்களச் சொல்லில் தொடங்கினார்: "ஹரி. பேன் சுகாதாரம். அது டீச்சர். முடி சமயம். அது அப்பா."

அதாவது அம்மா வரும்வரை என் தலையில் கத்தரி படக்கூடாது. அதே சமயம் பேனும் இருக்கக்கூடாது. தலைவர் அன்றும் ஆறிப்போயிருந்த தேத்தண்ணியை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். அது வெற்றியின் அடையாளம்.

இந்தத் தீர்ப்பால் உண்மையில் மாட்டிக்கொண்டவர் டீச்சர். கத்தரி ஒரு நிமிட வேலை. அது இல்லையென்றால் மிச்சமிருப்பது சீப்பு. தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என்னைப் படிக்கட்டில் கீழ்ப்படியில் உட்காரவைத்து, தான் மேல்படியில் உட்கார்ந்து, வேப்பெண்ணெய் தேய்த்து, பேன் சீப்பால் வாருவார். எண்ணெய்க்கு ஒரு துணி, பேனுக்கு ஒரு வெள்ளைக் காகிதம், ஈருக்கு நகம். எதையும் ஒழுங்குவைத்துச் செய்கிற பழக்கம் எனக்கு அங்கேதான் வந்தது என்று நினைக்கிறேன். ஆரம்பத்தில் அந்தக் கைகளில் கோபம் இருந்தது. ஒவ்வொரு இழுப்பிலும் அப்பாவுக்கு ஒரு பதில் இருந்தது. பிறகு இழுப்பு மெதுவானது. பிறகு அவர் பேசத் தொடங்கினார். முடி தோளைத் தொட்ட காலத்தில் பேன் எதுவும் இல்லை. ஆனாலும் வாருவார். தினமும், வெள்ளைக் காகிதம் விரித்து.

அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமையும் தவறவில்லை. மழையானாலும் வருவார். வந்ததும் முதலில் முடியின் நீளம் பார்ப்பார், பிறகுதான் என்னை. தலைவரும் பெரும்பாலும் வருவார். டீச்சர் வீட்டு முறுக்குக்காக என்று அப்பாவே சொல்லியிருக்கிறார்.

அந்த வருடம் முடியப்போகிற சமயத்தில் ஒரு ஞாயிறு, மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு அப்பாவிடம் சொன்னார்: "நாங்க ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்கக் கூடாது. புள்ள நல்லாப் படிக்குது. எங்களுக்கும் யாரும் இல்ல. நீங்க ரெண்டு பேரும் சம்மதிச்சா, சட்டப்படி எங்க புள்ளையா எழுதிக்கிறோம். நீங்க எப்ப வேணும்னாலும் வந்து பாக்கலாம்."

டீச்சர் என் தலைக்குப் பின்னால் இருந்தார். சீப்பு நின்றுவிட்டது.

நான் தலைவரைப் பார்த்தேன். அவர் வாயில் முறுக்கு இருந்தது; கடிக்கவில்லை. அப்பா தன் உள்ளங்கையைப் பார்த்தார். முடியாது என்று சொல்ல அவருக்கு உரிமை இருந்தது, நோனா மடக்கிய நான்காவது விரல். ஆனால் அந்த வீட்டில் மின்விளக்கு இருந்தது, புத்தகங்கள் இருந்தன.

"அவகிட்டக் கேக்கணுங்க. நான் மட்டும் சொல்ல முடியாது" என்றார்.

அடுத்த ஞாயிறு தலைவர் இல்லாமல் தனியாக வந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு நேராக வந்திருந்தார். உட்காராமலே சொன்னார்: "புள்ளையோட தலைய டீச்சரம்மா நல்லாப் பாக்குறாங்க, அவங்கள சாமியாக் கும்புடுறேன்னு சொல்லச் சொன்னா. தலைக்குக் கீழ இருக்கிறத நான் வந்து பாத்துக்கிறேன்னும் சொல்லச் சொன்னா."

டீச்சர் எழுந்து சமையலறைக்குப் போனார். தேத்தண்ணி வர நேரமாயிற்று. அன்று அப்பா அதைச் சூடாகவே குடித்தார்.

அம்மாவின் சளியில் கிருமி இல்லை என்று எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்தக் கிருமியை நுண்ணோக்கியில் தேடுவதுதான் இப்போது என் உத்தியோகம். இல்லை என்ற ஒரு சொல்லை எழுதுவதற்கு எவ்வளவு நேரம் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அப்பா ஸ்டோர் வேலையை விட்டு மலையில் பகல் வேலைக்கு மாறினார். ஸ்டோர்க்காரன் என்று நெஞ்சு நிமிர்த்தி நடந்தவர் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போனார். அந்த மாற்றத்தைத் துரையிடம் பேசி வாங்கியது தலைவர். முறுக்குக் கடன் தீர்ந்தது.

நீதிமன்றத்தில் நீதவான் மொழிபெயர்ப்பாளர் மூலம் டீச்சரைக் கேட்டார்: பிள்ளையைத் திருப்பி ஒப்படைப்பதில் ஆட்சேபம் உண்டா?

டீச்சர் எழுந்தார். எனக்குப் புதுச் சட்டையும் ரிப்பனும் போட்டுக் கூட்டிவந்திருந்தார். அம்மா ஒரு பக்கம், எலும்பும் சேலையுமாக, இருமலை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டீச்சர் ஆட்சேபம் உண்டு என்று சொல்லியிருந்தால், அந்த இருமலுக்கும் லயத்துக்கும் எதிராக நிறையச் சொல்லியிருக்கலாம். கேட்டிருப்பார்கள்.

"ஆட்சேபம் இல்ல. அது அவங்க புள்ள" என்றார். பிறகு, "ஆனா ஒரு கோரிக்கை" என்றார்.

கோரிக்கை என்றதும் பின்வரிசையில் தலைவர் நிமிர்ந்தார்.

"முடி எறக்குறப்ப நான் அங்க இருக்கணும். ஒரு வருஷம் நான் வாருன முடி."

முடிக்கும் வழக்குக்கும் என்ன சம்பந்தம் என்று நீதவான் கேட்டார். நோனா எழுந்து சிங்களத்தில் நீளமாக விளக்கினார். பேன், அம்மன், கத்தரி எல்லாவற்றையும் கேட்டு முடித்த நீதவான் பேனாவால் வாயை மறைத்துக்கொண்டார். அது நீதிமன்றம் முடிவு செய்ய வேண்டிய விஷயம் அல்ல என்று மட்டும் சொன்னார்.

"சமயம்" என்றார் நோனா, எங்கள் பக்கம் திரும்பி. "அப்பாதான் சொல்லணும்."

ஒரு நீதிமன்றமே அப்பாவின் வாயைப் பார்த்தது அதுதான் முதலும் கடைசியும். அவர் தலைவரைப் பார்த்தார். தலைவர் கூரையைப் பார்த்தார்.

"வரச் சொல்லுங்க" என்றார் அம்மா.

திருவிழா அன்று கோயிலடியில் என்னை மணையில் உட்காரவைத்தார்கள். டீச்சர் பந்தலுக்கு வெளியே, கோயிலுக்குள் வந்ததாகவும் வராததாகவும் இல்லாத ஓர் இடத்தில், குடை பிடித்துக்கொண்டு என் ரிப்பன்களோடு நின்றார். நாவிதர் தலையை நனைத்துக் கத்தியை வைத்தார். முடி மடியில் விழுந்தது.

"ஒரு பேன்கூட இல்லம்மா!" என்றார் நாவிதர் ஆச்சரியத்தோடு.

"கேட்டீங்களா?" என்றார் டீச்சர், மாஸ்டரிடம், எல்லோருக்கும் கேட்கும்படி.

"நேத்து நாந்தான் பாத்தேன்" என்றார் அம்மா.

"எல்லாம் தாயி செயல்" என்று அப்பா மொத்தப் பெருமையையும் அம்மனிடம் ஒப்படைத்தார்.

மலைக்காற்று மொட்டைத் தலையில் நேராக இறங்கியது. நான் நடுங்குவதைப் பார்த்து டீச்சர் பையிலிருந்து ஒரு கம்பளித் தொப்பியை எடுத்தார். சிவப்பு, அவரே பின்னியது. சந்தனம் பூசிய தலையில் தொப்பியா என்று அப்பா வாயைத் திறந்தார்.

"இது சுகாதாரம்" என்று சொல்லி, காது மறைய இழுத்துவிட்டார் டீச்சர்.