எல்லப்பனின் சிவப்புப் புகை

திருத்தணி முருகன் சிவப்பு மேகமாக இறங்கிவந்து ரயிலை நிறுத்திவிட்டாராம். அரக்கோணத்துத் துணி வியாபாரி ஷரீப், தன் மச்சான் சொல்லக் கேட்டதாகப் பினாங்குக்கு வந்து என்னிடம் சொன்ன செய்தி. கடல் தாண்டும் செய்தி வழியில் கொஞ்சம் பருத்துவிடும் என்று தெரிந்தும் எனக்கு மனசு கேட்கவில்லை. ஊரிலிருந்து கப்பலேறி வந்தவர்களையெல்லாம் பிடித்து விசாரித்தேன். ரயில் நின்றது உண்மை. நிறுத்தியவன் எல்லப்பன்.

தணிகை மலை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் ஒரு சின்ன ஸ்டேஷன், பெயர் வேண்டாம். அங்கே சிக்னல் விளக்குகளைத் துடைத்து, எண்ணெய் ஊற்றி ஏற்றுவது எல்லப்பன் வேலை. யுத்த காலத்தில் ஆள் கிடைக்காமல் எடுத்த தற்காலிக வேலை. யுத்தம் முடிந்தும் அவன் டெம்ப்ரவரியாகவே இருந்தான். அரக்கோணத்து ரயில்வே இன்ஸ்பெக்டர் துரைக்கண்ணு ஒரு கையெழுத்துப் போட்டால் நிரந்தரம். போடாவிட்டால் தை பிறந்ததும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

ஆனால் ஊருக்குள் அவன் பெயர் விளக்கால் வந்ததல்ல, புகையால் வந்தது. யுத்தத்தில் வெடிமருந்து கிடைக்காமல் வாணக்காரர்கள் சும்மா உட்கார்ந்திருந்தபோது, பணக்கார வீட்டுக் கொல்லைகளில் மருந்தே இல்லாத வாணவேடிக்கையை எல்லப்பன் நடத்தினான். சட்டியில் ஈர வைக்கோலும் வேப்பிலையும் போட்டுப் புகைய விடுவான். புகைக்குப் பின்னால் வண்ணக் கண்ணாடி மாட்டிய விளக்கு. எங்கிருந்தாவது ஒரு புஸ்வாணம் அகப்பட்டால் அதையும் புகைக்குள்ளேயே கொளுத்துவான். கொல்லை முழுக்க ஜொலிக்கும்.

"வெடி காதுக்கு, பொகை கண்ணுக்கு. காது வலிச்சா எழுந்து பூடுவான். கண்ணு எரிஞ்சா தேய்ச்சிகினு அங்கியே குந்தினு இருப்பான்" என்பது அவன் சித்தாந்தம். ஒரு கல்யாணத்தில் அவன் போட்ட புகையில் மாப்பிள்ளைக்குப் போக வேண்டிய மாலை தவில்காரர் கழுத்தில் விழுந்தது. அப்போதும் எல்லாரும் இருமிக்கொண்டே பிரமாதம் என்றார்கள்.

ஸ்டேஷன் மாஸ்டர் மணவாளனுக்கு மனோரமா என்று ஒரு பெண். அவளைத் தன் மகனுக்குப் பார்க்க அந்த இன்ஸ்பெக்டரே சாயங்கால பாசஞ்சரில் வருவதாக ஏற்பாடு. மாஸ்டர் வீட்டுக் கொல்லை தண்டவாளத்தை ஒட்டியிருந்தது. அங்கே புகை போட மாஸ்டர் எல்லப்பனைக் கூப்பிட்டார்.

"சம்பந்தி ரயில் ஜன்னல் வழியாப் பார்த்ததுமே அசந்துடணும்டா."

"ஆங், எங்கிட்ட உடுங்க ஐயா. வண்டி கண்ணுக்குத் தெரிஞ்சதும் சேப்பு. அவரு கொல்லைல கால வெச்சதும் பச்சை. அப்பால எனக்கு ஒரு கையெழுத்து."

"அதை நான் பார்த்துக்கறேன்."

ஸ்டேஷனில் உதிரியாகக் கிடந்த சிவப்புக் கண்ணாடியை மாட்டினான். மனைவி தேவகி முறத்தால் விசிறினாள். வெளிச்சம் மங்கும் நேரம், பனை உயரத்துக்குச் சிவப்புப் புகை எழும்பியது. தூரத்தில் வந்த வண்டி தயங்கி, முனகி, நின்றுவிட்டது. ஊதியது.

"பாத்தீங்களா ஐயா! டிரைவரே நிறுத்தி வேடிக்கை பாக்கறாரு!"

மறுபடி ஊதியது.

"கை தட்டினா நமக்குக் கேக்காதில்ல, அதான் ஊதறாரு."

மாஸ்டர் பட்டு அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டார். "இன்னும் கொஞ்சம் போடு."

போட்டான். ரயிலிலிருந்து "அரோகரா" என்று கூட்டம் முழங்கியது. வண்டிக்குள் இருந்த விருந்தாளி சிவப்பு மறையட்டும் என்று காத்திருந்தார். கொல்லையில் இருந்த சிவப்போ விருந்தாளி வரட்டும் என்று காத்திருந்தது.

தேவகி முறத்தைக் கீழே வைத்தாள். "இன்னாயா, தெனம் சேப்பு வெளக்கு ஏத்தற ஆளு நீ. சேப்பைப் பாத்தா வண்டி இன்னா பண்ணும்?"

"அது சிக்னலு. இது வேடிக்கை."

"அது இன்ஜினுக்குத் தெரியுமா?"

மாஸ்டர் கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். "அணைடா! பச்சையைக் காட்டுடா!"

காட்டினான். சிக்னல் கம்பமே இல்லாத இடத்தில் முதலில் சிவப்பு, இப்போது பச்சை. டிரைவர் எதையும் நம்புவதாக இல்லை. ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்து சொன்னால்தான் நகருவேன் என்று உட்கார்ந்துவிட்டார். அதற்குள் வண்டியிலிருந்து இறங்கிய ஒருவர் பூட்ஸ் சறுக்கச் சறுக்க ஜல்லிமேல் நடந்து வந்துகொண்டிருந்தார். வெள்ளைக் கோட்டு. பச்சைப் புகை அவரை நோக்கியே போனது. இருமல் கேட்டது.

அந்த நேரம் பார்த்து ஸ்டேஷன் அறையில் டெலிபோன் அடித்தது. அரக்கோணம்தான். வண்டி எங்கே என்று கேட்பார்கள்.

"நீ போய் எடு" என்றார் மாஸ்டர்.

"நான் டெம்ப்ரவரிங்க ஐயா. பர்மனென்ட்டு ஆளுதான் எடுக்கணும்."

"கையெழுத்து வேணுமா, வேணாமா?"

"எடுத்து இன்னான்னு சொல்றது?"

"சம்பந்தி நடந்து வந்துகினு கீறாருன்னு சொல்லேன்" என்றாள் தேவகி.

எல்லப்பன் கரிக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு ஸ்டேஷன் அறை வாசற்படி வரை போனான். திரும்பி மாஸ்டரைப் பார்த்தான். அவர் தண்டவாளத்தில் வரும் வெள்ளைக் கோட்டுக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே மணி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.