சீமைப் புத்தகமும் ரங்கூன் பிள்ளைகளும்

லீவு நாளில் ஊரார் பிள்ளைகளைக் குஷிப்படுத்துவதும் ஒரு தொழில்தான். ரங்கூன் அலோன் துறைமுகத்தில் மூட்டை சுமப்பவர்களுக்காவது உட்கார்ந்து சுருட்டுப் பிடிக்க நேரம் உண்டு, இதில் அதுவும் கிடையாது. பிள்ளை மேய்த்துத் தொண்டை கட்டிப்போன அண்ணன்மாரே, அக்காமாரே, உங்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் நம்ப மாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும்.

எனக்குப் பதினாறு வயது. ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டேன். கணக்கு வரவில்லை, அவ்வளவுதான். அப்பா எனக்கு இரண்டு வழி காட்டினார். டவுங்கூவில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போய் அவளுடைய ஆறு பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் ரங்கூனில் நாங்கள் இருக்கும் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் பாலர் வகுப்பில் உதவி டீச்சராகச் சேர வேண்டும். அத்தையின் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அதனால் நேரே பெரிய டீச்சரம்மாவிடம் ஓடினேன்.

அவர் ஒரு நிபந்தனை போட்டார். மழைக்காலம் முடிகிற மாதம் பள்ளிக்கூடம் லீவு. அப்பாமார் ரயில்வேக்கும் துறைமுகத்துக்கும் போய்விட, பிள்ளைகள் தெருவில் திரியும். அவர்களைப் பள்ளிக்கூட வராந்தாவில் வைத்து நான் விளையாட்டுக் காட்ட வேண்டும். மொத்தம் இருபத்தாறு பேர். அதில் ஐந்து வயதுக்குட்பட்ட பொடிசுகள் பத்து. பள்ளி திறக்கிற அன்று அந்தப் பத்தில் எட்டுப் பேராவது பாலர் வகுப்புக்குத் தானாக வந்து உட்கார்ந்தால் வேலை எனக்கு. சொல்லிவிட்டு, சீமையிலிருந்து கப்பலில் வந்த ஒரு புத்தகத்தையும் கையில் கொடுத்தார். இலையுதிர்கால விளையாட்டுகள், வயது வாரியாக, படத்தோடு.

பள்ளிக்கூடத்தைக் கூட்டிப் பெருக்கிப் பூட்டுகிற மா மியா அந்தப் படங்களை எட்டிப் பார்த்தாள். ரயில்வே லைன் ஓரத்தில் வளர்ந்த பர்மியப் பெண், தமிழ் எங்களைவிட வேகமாகப் பேசுவாள். மிச்ச நேரத்தில் ரயில்வே மெஸ்ஸுக்காகப் பின்வாசலில் உட்கார்ந்து கூடை கூடையாகப் பூண்டு உரிப்பாள். என்னை ‘சயாமா’ என்று கூப்பிட்ட முதல் ஆள் அவள்தான். பர்மியில் டீச்சரம்மா என்று அர்த்தம். எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. அடுத்த மூச்சிலேயே சொன்னாள்: “இதிலே இருக்கற புள்ளைங்க எல்லாம் காலுக்கு மேஜோடு போட்டிருக்கு சயாமா, நம்ம புள்ளைங்க பாதிக்குக் கால்சட்டையே கிடையாது.”

சிவப்பு இலை

முதல் விளையாட்டு பொடிசுகளுக்கு. கீழே உதிர்ந்து கிடக்கும் சிவப்பு இலைகளையும் மஞ்சள் இலைகளையும் பொறுக்கி வரச் செய்து அட்டையில் ஒட்ட வேண்டுமாம். ஐப்பசி மாத ரங்கூனில் எது சிவக்கும்? மரமெல்லாம் பச்சைப்பசேலென்று தண்ணீர் சொட்டிக்கொண்டு நின்றது. உதிர்ந்தது மழை ஒன்றுதான். ஆனால் புத்தகம் சொல்கிறதே! “ஆளுக்கு ஒரு சிவப்பு இலை கொண்டாங்க” என்று பத்துப் பேரையும் தோட்டத்துக்குள் அனுப்பிவிட்டு நான் பசை காய்ச்சப் போனேன்.

திரும்பி வந்தபோது ஒருத்தர் கையிலும் இலை இல்லை. பத்து வாயும் எதையோ மென்றுகொண்டிருந்தன. வேலிக்கு அந்தப் பக்கம் வெற்றிலைக் கடைக்காரர் கூடையைத் திறந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறார். வெற்றிலை பச்சைதான், மென்றால் சிவக்கும் என்று நாலு வயது ராமு கண்டுபிடித்துச் சொல்ல, எல்லாரும் பாக்கும் சுண்ணாம்பும் சேர்த்துச் சிவக்கவைத்துக்கொண்டிருந்தார்கள். மூன்று பேருக்கு நாக்கு வெந்துபோயிற்று. அன்று சாயங்காலமே ராமுவின் அம்மா அவனையும் அவன் தங்கையையும் இழுத்துக்கொண்டு போனாள். பத்து போய் எட்டு. போகும்போது தெருவே கேட்கும்படி சொன்னாள்: “என் மவனுக்கு இன்னும் பால்பல்லே விழலை, அதுக்குள்ள கல்யாண மாப்பிள்ளை மாதிரி தாம்பூலம் போட வச்சு அனுப்புறியாடி ரோஸு?”

விசிலுக்குப் பொட்டு

ஆறிலிருந்து ஒன்பது வயதுவரை உள்ளவர்களுக்குப் பம்பரப் போட்டி, கயிறு தாண்டல், சாக்கு ஓட்டம் என்று ஒரு முழு நாள் திட்டம் போட்டேன். நான் வேதக்காரப் பெண், ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் போகிறவள். நாள் பார்க்கத் தெரியாமல் ஆயுத பூஜையன்று வைத்துவிட்டேன். காலையில் வந்து பார்த்தால் வராந்தா மூலையில் பம்பரம், சாட்டை, கோலி, கயிறு, சாக்கு எல்லாம் வரிசையாகச் சந்தனம் குங்குமத்தோடு உட்கார்ந்திருக்கின்றன. “எங்க ஆயுதம் இதுதானேக்கா” என்கிறாள் எட்டு வயது செல்லி. மறுநாள் காலைவரை ஒன்றையும் தொடக் கூடாதாம். தொட்டால் வருஷம் முழுக்கப் பம்பரம் சுற்றாதாம். சீமைப் புத்தகமும் நடுவில் இருந்தது, அட்டைப் படத்துப் பெண்ணின் நெற்றியில் பெரிய பொட்டோடு. அதன்மேல் என் விசில்.

விசில் இல்லாமல் இருபத்து நாலு பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பாருங்கள், அப்புறம் என்னைத் திட்டுங்கள். பெரிய பிள்ளைகளும் நடுப்பிள்ளைகளும் பொரி வாங்க ரயில்வே ஷெட்டுக்கு ஓடிவிட்டார்கள். பொடிசுகளைக் காணவில்லை. உயிர் போய்விட்டது. தேடித் தேடிக் கடைசியில் பின்வாசலில் பார்த்தேன். எட்டும் மா மியாவைச் சுற்றி உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தன, வாயைத் திறக்காமல். ஆச்சரியப்பட நேரமில்லை. மற்றவர்களைப் பிடிக்க ஷெட்டுக்கு ஓடினேன். செல்லியின் அப்பா அங்கே ஃபிட்டர். விசிலையாவது எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். அவர் என் கையில் ஒரு பிடி பொரியை வைத்துவிட்டுச் சொன்னார்: “மாண்டலே போற இஞ்சினே பொட்டு வச்சுக்கிட்டுச் சும்மா நிக்குது தாயி, உன் விசிலுக்கு அப்படி என்ன அவசரம்?”

இரண்டு கூடு

பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு விளக்குக் கூடு செய்யச் சொல்லிக்கொடுத்தேன். பர்மியரின் தடிஞ்சூட் விளக்குத் திருநாள் வந்துகொண்டிருந்தது. தெருவெல்லாம் மூங்கிலும் எண்ணெய்க் காகிதமும் விற்றார்கள். இது ஒன்று உருப்படும் என்று நினைத்தேன். அந்தோணி பர்மியர் தொங்கவிடுவது போல உருண்டைக் கூடு செய்தான். சுப்பையா நட்சத்திரக் கூடு செய்தான். இரண்டும் உண்மையிலேயே அழகாக இருந்தன. நான்தான் புத்தியில்லாமல் வாசலில் தொங்கவிட்டேன்.

அந்தோணியின் அம்மா வந்தாள். என் மகன் புத்தர் பகோடாவுக்கு விளக்கு செய்தானா என்று பாய்ந்தாள். சுப்பையாவின் அம்மா வந்தாள். கிறிஸ்துமஸ் நட்சத்திரம் செய்ய வைத்து என் மகனை வேதத்தில் சேர்க்கப் பார்க்கிறாயா என்று பாய்ந்தாள். கூட்டை மாற்றிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். அதற்கு இரண்டு பேரும் சேர்ந்து பாய்ந்தார்கள். அந்தோணியோடு அவன் தம்பியும் சுப்பையாவோடு அவன் தங்கையும் போயிற்று, இரண்டும் பொடிசு. எட்டு போய் ஆறு. அந்த அம்மாக்கள் இருவரும் கத்தரிக்காய் விலை பேசிக்கொண்டே ஒன்றாக நடந்து போனதைத்தான் என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. படியில் உட்கார்ந்து அழுதேன். மா மியா பக்கத்தில் வந்து நின்று இரண்டு கூட்டையும் அண்ணாந்து பார்த்தாள்: “ரெண்டையும் எனக்குக் குடுத்துடு சயாமா, கக்கூஸுக்குப் போற வழி இருட்டா கிடக்கு.”

மண்டியிட்டால் மிட்டாய்

தடிஞ்சூட்டில் பர்மியப் பிள்ளைகள் பெரியவர்கள் முன் மண்டியிட்டு வணங்கி, பழமும் மெழுகுவர்த்தியும் கொடுப்பார்கள். பெரியவர்கள் ஆசீர்வாதம் பண்ணித் தின்ன ஏதாவது கொடுப்பார்கள். புத்தகத்தில் ‘நன்றி கூறப் பழக்குதல்’ என்று ஒரு பக்கம் இருந்ததால் இதையே மிச்சமிருந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். செல்லிக்குப் பழமும் மெழுகுவர்த்தியும் மறந்துவிட்டன. மண்டியிட்டால் மிட்டாய் என்பது மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது.

பதினைந்து பேரைக் கூட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குள் இறங்கிவிட்டாள். சீனர் மிட்டாய்க் கடை, மோஹிங்கா என்கிற மீன்குழம்புச் சேமியா விற்கிற அம்மா, டிராம் கண்டக்டர், ஒரு போலீஸ்காரர் என்று ஒருத்தரையும் விடவில்லை. டிராம் அரைமணி நேரம் நின்றுபோயிற்று. கூட்டத்தில் முனிசிபல் ஆபீஸ் குமாஸ்தா ஒருவரின் மகனும் இருந்தான். மறுநாள் அவர் கோட்டுப் போட்டுக்கொண்டே வந்து நின்றார்: “இருபது வருஷமா துரைக்கு முன்னாடி நின்னபடியே வேலை பாக்கறேன்ம்மா, என் மகன் ஒரு தேங்காய் மிட்டாய்க்கு டிராமுக்கு முன்னாடி மண்டி போடறான்.”

பள்ளி திறந்த நாள்

எனக்கு மிஞ்சியது ஆறு பொடிசு. வேண்டியது எட்டு. டவுங்கூவுக்கு என் பெட்டியை அம்மா கட்டியே வைத்துவிட்டாள். ஆனாலும் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பாலர் வகுப்பை எட்டிப் பார்த்தால் பத்தும் இருக்கின்றன! ராமு, அவன் தங்கை, அந்தோணியின் தம்பி, சுப்பையாவின் தங்கை, எல்லாரும். இந்தப் பிள்ளைகளைப் போய்த் திட்டினேனே என்று ஒவ்வொன்றாகத் தூக்கி முத்தம் கொடுத்தேன். பத்தின் கையிலும் பூண்டு வாடை.

அம்மாக்கள் முன்வாசலில் கூட்டிக்கொண்டு போன பிள்ளைகள், மறுநாளே பின்வாசல் வழியாக வந்திருக்கின்றன. மாதம் முழுக்க. மா மியா ஒரு விளையாட்டும் காட்டவில்லை. ஆளுக்கு ஒரு பூண்டு கொடுத்திருக்கிறாள், தோல் கிழியாமல் உரித்தால் இன்னொன்று. பெரிய டீச்சரம்மா எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். குரலில் கோபமே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை: “லீவுல என்ன விளையாடினீங்கன்னு கேட்டேன் ரோஸ், பத்து வாயும் பூண்டுங்குது, பாலர் வகுப்புக்கு நான் மா மியாவையே வச்சுக்கறேன்மா.”

டவுங்கூ ரயிலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்: அத்தைக்குப் பிள்ளைகள் ஆறு, சீமைப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாயிற்று, என் மடியில் இருப்பது மா மியா கட்டிக்கொடுத்த ஒரு வீசைப் பூண்டு.