எங்கள் பேரில் ஒரு வாரம்

சிதம்பரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை உண்டு. நான் வேலைபார்த்த பாலிடெக்னிக்கின் பாடக் குறிப்புகளை நகலெடுக்க அடிக்கடி அங்கே போவேன். 2010 தொடக்கத்தில் ஒரு நாள், வாடகைக்கு வீடு, டியூஷன், பழைய பைக் என்று சுவரில் ஒட்டியிருந்த தாள்களுக்கு நடுவே, கையால் எழுதிய ஒன்றைப் பார்த்தேன். 'ஏற்காட்டில் வருடத்துக்கு ஒரு வாரம். மே மாதம் மூன்றாவது வாரம். சமையலறையுடன் கூடிய அறை. விற்பனைக்கு.'

வாரத்தை எப்படி விற்பார்கள் என்று முதலில் சிரிப்பு வந்தது. அடுத்த நொடி 'மே' என்ற சொல்லில் கண் நின்றுவிட்டது.

என் அப்பா கடலூருக்குப் பக்கத்தில் விசைப்படகில் போகிறவர். நாலு பேர் சேர்ந்து வாங்கிய படகு, அதில் அவருக்கு ஒரு பங்கு. ஏப்ரல் நடுவிலிருந்து மே கடைசி வரை மீன்பிடித் தடைக்காலம். மற்ற நாட்களில் அவரைக் கரையைவிட்டு அந்தப் பக்கம் இழுக்க யாராலும் முடியாது. தடைக்காலத்தில் மட்டும் வலையைத் தைத்துக்கொண்டும் எல்லோரையும் திட்டிக்கொண்டும் வீட்டில் இருப்பார். அம்மா கூடையில் மீன் எடுத்துக்கொண்டுபோய் செம்மண்டலம் தெருக்களில் விற்பவள். அவள் மலையையே பார்த்ததில்லை. நான் கல்லூரிச் சுற்றுலா போய்விட்டு வந்தபோது, "மலைன்னா எம்மாம் ஒசரம்டா இருக்கும்? நம்ம லைட்அவுஸ் ஒசரம் வருமா?" என்று கேட்டாள். வேலை கிடைத்ததும் இரண்டு பேரையும் மலைக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்திருந்தேன்.

வேலை கிடைத்தது. அப்பாதான் கிடைக்கவில்லை. "லாட்ஜிக்கிக் குடுக்கற காசுல நல்ல வல வாங்கலாம். மலையில எனக்கு என்னா வேல? மீனா காயப் போடப் போறேன்?" என்பார். அவர் வராமல் அம்மாவும் வரமாட்டாள். மூன்று தடைக்காலம் இப்படியே போயிற்று.

ஆனால் அப்பாவிடம் ஒரு குணம் உண்டு. சொந்தப் பொருள் சும்மா கிடந்தால் அவருக்குப் பொறுக்காது. அக்கா கல்யாணத்தில் பரிசாக வந்த டேபிள் ஃபேனை, வீணாகப் போகக் கூடாது என்று மார்கழியில்கூடப் போர்வையைப் போர்த்திக்கொண்டு ஓடவிடுவார். ஏற்காட்டு வாரம் எங்கள் பேரில் இருந்துவிட்டால் அவர் வந்துதான் தீருவார். இதை நினைத்துக்கொண்டே தாளில் இருந்த எண்ணுக்கு போன் செய்தேன்.

விற்பவர் தெற்கு வீதியில் குடியிருந்த, ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. அவர் மனைவிக்கு மூட்டுவலி. மலை ஏறி இரண்டு வருடம் ஆகிவிட்டதாம். போனாலும் போகாவிட்டாலும் பராமரிப்புக்கு வருடா வருடம் கட்ட வேண்டும், அதனால்தான் விற்கிறோம் என்றார். இதற்கு டைம்ஷேர் என்று பேர், அறைகளைக் கட்டிய கம்பெனி ஒவ்வோர் அறையையும் வாரம் வாரமாகப் பிரித்து ஆளுக்கொரு வாரம் என்று விற்கும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்து, ஒப்பந்தத்தையும் படிக்கக் கொடுத்தார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனாலேயோ என்னவோ, அச்சடித்த எதைக் கண்டாலும் கடைசி வரி வரை படித்துவிடுவேன். மின்வாரிய ரசீதின் பின்பக்கத்தைக்கூட விட்டதில்லை. ஒப்பந்தத்தின் நடுவில் ஒரு விதி இருந்தது. உறுப்பினர் தன் வாரத்தை வெளியாள் ஒருவருக்கு விற்பதாக இருந்தால், இன்ன விலைக்கு விற்கிறேன் என்று முதலில் கம்பெனிக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். கம்பெனி விரும்பினால் அதே விலையைக் கொடுத்துத் தானே எடுத்துக்கொள்ளலாம். முப்பது நாளில் வேண்டாம் என்று சொன்னால்தான் வெளியாள் வாங்கலாம்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது இதை வீட்டில் விளக்கினேன். டைம்ஷேர் அவர்களுக்குச் சட்டென்று பிடிபடவில்லை. அந்த விதி மட்டும் உடனே பிடிபட்டது. "நம்ம போட்டுல ஒரு பங்காளி பங்க வித்தா மத்த மூணு பேர மொதல்ல கேக்கறோமில்ல, அந்த மாதிரிதான்" என்றேன்.

"அவ்ளோதானா?" என்றாள் அம்மா. "அது சும்மா மரியாதைக்குக் கேக்கறதுடா. வெளியாளு வெல பேசி முடிச்சப்புறம் எந்தப் பங்காளியாவது குறுக்க வந்து புடுங்குவானா? காறித் துப்ப மாட்டாங்க?"

எனக்கும் அது சரியென்றே பட்டது. எங்கள் கரையில் அப்படி யாரும் செய்து நான் பார்த்ததில்லை. அப்பா மட்டும் சோற்றிலிருந்து தலையைத் தூக்காமல், "வாரத்த வாங்கறானாம் வாரத்த. அப்புறம் செவ்வாக்கெழமைய வாங்குவான்" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விலை பேச அம்மாவும் என்னோடு கிளம்பினாள். மீன் ஏலத்தில் அம்மா நிற்கிறாள் என்றால் ஏலம் போடுகிறவர் தொண்டையை ஒருதரம் கனைத்துக்கொள்வார். விலையை அவளாக எடுக்கவே மாட்டாள். மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பாள், முகத்தைச் சுளிப்பாள், அடுத்த குவியலுக்கு நகர்ந்துவிடுவாள். விலை தானாக இறங்கி அவள் பின்னாலேயே வரும்.

தெற்கு வீதி வீட்டில் தூக்கிப் பார்க்கச் செவுள் இல்லை. அதிகாரி ஆல்பத்தைக் கொடுத்தார். அம்மா ஒவ்வொரு படமாகப் புரட்டினாள்.

"இன்னாக்கா, பாத்ரூம் இம்மாத்துண்டு இருக்கு?" என்றாள் அவர் மனைவியிடம்.

"போட்டோல அப்படித் தெரியறதும்மா. நேர்ல நல்லாத்தான் இருக்கும்."

"கட்டிலு? மத்த வாரமெல்லாம் எவனெவனோ உருண்டு எழுந்த கட்டில்தான?"

"வாராவாரம் விரிப்பு மாத்திடுவாங்க" என்றார் அதிகாரி.

"இங்க பாரு, ஜன்னலுக்கு வெளிய ஒண்ணுமே தெரியல. வெள்ளையா இருக்கு. சொவுரா?"

"அது மேகம்மா."

"மேகமா! அப்ப துணி எப்படிக் காயும்?"

அந்த அம்மாள் சிரித்துவிட்டார். காப்பி வந்தது. அம்மா அவருடைய முழங்காலைத் தொட்டுப் பார்த்து நண்டு ரசம் வைத்துக் குடிக்கச் சொன்னாள். அவர்கள் வீட்டில் முட்டைகூட வாங்குவதில்லை என்று தெரிந்ததும் முருங்கைக்கீரை ரசத்துக்கு மாறினாள். பிறகு மெதுவாக, "போவாத வூட்டுக்கு வருசா வருசம் பணம் கட்டிகிட்டு உக்காந்திருக்கீங்களேக்கா, மனசு கேக்கலியா?" என்றாள். அரை மணி நேரத்தில் அதிகாரி சொன்ன விலை பாதிக்கும் கீழே வந்து நின்றது. விற்பவர்களுக்கே அதில் ஏதோ சந்தோஷம்போல இருந்தது. அந்த அம்மாள் வாசல் வரை வந்து வழியனுப்பினார். பேருந்தில் அம்மா, "நல்ல சனங்க. இன்னும் கொஞ்சம் கொறச்சிருக்கலாம்" என்றாள்.

கம்பெனிக்குக் கொடுக்க வேண்டிய கடிதத்தின் மாதிரியை வாங்கிவர அதிகாரி என்னைப் பாண்டிச்சேரி கிளைக்கு அனுப்பினார். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நல்ல குளிர். என் வயதே இருக்கும் ஒரு பெண் கவுன்டரில் இருந்தார். கடிதத்தை எப்படி எழுத வேண்டும், எந்த இடத்தில் விலை, எந்த இடத்தில் கையெழுத்து என்றெல்லாம் சொல்லிவிட்டு, "எந்த வாரம் சார்? என்ன விலைக்குப் பேசியிருக்கீங்க?" என்று கேட்டார். பெருமையாகச் சொன்னேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "மே மாசம் மூணாவது வாரமா? இந்த விலைக்கா? சார், இத நாங்களே எடுத்துப்போமே."

"எடுத்துப்பீங்களா? நாங்க பேசி முடிச்சிட்டோமே?"

"நீங்க பேசுன விலைக்குத்தான் எடுப்போம். எடுத்து ரெண்டு மடங்குக்கு விப்போம். போன மாசம்கூட ரெண்டு பேருக்கு இப்படித்தான் போச்சு. மே வாரம்னா எங்க மேனேஜர் கண்ண மூடிகிட்டு கையெழுத்துப் போட்டுடுவாரு."

நான் திருதிருவென்று விழித்திருக்க வேண்டும். அவர் குரலைத் தணித்து, "லெட்டர் இன்னும் குடுக்கலல்ல? அப்ப நான் எதையும் பாக்கல" என்றார். கம்பெனி எடுத்து விற்றால் லாபம் நிற்காத அளவு விலை இருந்தால் பொதுவாக விட்டுவிடுவார்கள் என்றும், விலை நிஜ விலையாக இருக்க வேண்டும், பணம் கைமாறிய வங்கிச் சான்றைக் கேட்பார்கள் என்றும் சொன்னார். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வெயில் முகத்தில் அறைந்தது.

வீட்டில் சொன்னபோது அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"பேப்பர்ல ஜாஸ்தி எழுதிட்டு, குடுக்கறதக் குடுத்தா?"

"பேங்க்ல வேல பாத்தவரும்மா அவரு. ஒத்துக்க மாட்டாரு. நானும் கையெழுத்துப் போட மாட்டேன்."

"அப்ப வாங்கறவளே போயி வெலைய ஏத்தணுமா?" என்று குரல் உயர்த்தினாள். "கரையில தெரிஞ்சா ஒருத்தி எம்பக்கத்துல நிப்பாளாடா? உங்க கம்பெனிக்காரனுக்கு வெக்கம் மானமே கெடையாதா?"

திண்டாட்டமாக இருந்தது. இந்த வருடத்து மேயும் கைவிட்டுப் போய்விடும்போலத் தோன்றியது. அப்போதுதான், அதுவரை மூலையில் வலை தைத்துக்கொண்டிருந்த அப்பா ஊசியை நிறுத்தினார்.

"எவன்டா எடுத்துப்பான்?"

"கம்பெனிப்பா."

"நம்ம வாரத்தயா?"

'நம்ம வாரம்' என்று அவர் சொன்னதைக் கேட்டு நானும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இருவருமே வாயைத் திறக்கவில்லை. திறந்தால் கெட்டுவிடும்.

"நீ பேசி முடிச்சத எவனோ வந்து எடுப்பானாம், இவ குந்திகினு அழுவறா" என்றார் அப்பா. "போய் ஏத்திக் குடுத்துட்டு வாடி. சீட்டுப் பணத்த எடு."

மறு ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் தெற்கு வீதி. நான் விஷயத்தைச் சொன்னதும் அதிகாரிக்கு உடனே புரிந்தது. சிக்கல் அவர் மனைவியிடமிருந்து வந்தது.

"அதெப்படி? ஒரு விலை சொல்லி ஒத்துண்டாச்சு. அதுக்கு மேல ஒரு ரூபா வாங்க மாட்டோம். பாவம் அது."

"பாவமெல்லாம் இல்லக்கா, வாங்கிக்க" என்றாள் அம்மா.

"அன்னிக்குப் பாத்ரூம் சின்னதுன்னேளே?"

"யாரு சொன்னா? எம்மாம் பெருசு! எங்க வூட்டு அடுப்படி அதுக்குள்ள போவும்." அம்மா ஆல்பத்தை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "இந்தா பாரு, மேகம் ஜன்னலுக்கே வருது. எங்க கெடைக்கும் இது? இதுக்குப் போயி அம்மாங் கம்மியா வாங்கறியே, உனக்குப் புள்ளைங்க இல்ல?"

"ரொம்ப ஏத்தறேள். கொஞ்சம் கொறச்சிக்கோங்கோ."

"கொறைக்க முடியாதுக்கா. எனக்குக் கட்டுப்படியாவாது."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். தோள்கள் குலுங்குவது தெரிந்தது. முப்பது வருடம் வங்கியில் இருந்தும் இப்படி ஒரு பேரத்தைப் பார்த்ததில்லை என்றார். கடைசியில் அவரே நடுவில் புகுந்து, கம்பெனிக்குக் கட்டுப்படியாகாத, எங்களுக்குக் கட்டுப்படியாகிற ஓரிடத்தில் விலையை நிறுத்தினார். அந்த அம்மாள் அரைமனதாக ஒத்துக்கொண்டார். கூடவே, ஏற்காட்டுக்கு அவர்கள் கொண்டுபோகும் பெரிய பிளாஸ்க்கையும் இரண்டு கம்பளியையும் எங்கள் தலையில் கட்டிவிட்டார். அம்மா அதற்கும் காசு கொடுக்கப் பார்த்தாள். நான் கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

கடிதம் போயிற்று. அந்த ஒரு மாதம் எங்கள் வீட்டில் அதிகம் தவித்தவர் அப்பாதான். கரையிலிருந்து வந்ததும், கால் கழுவுவதற்கு முன்பே, "என்னா சொன்னான்?" என்பார். "இன்னும் சொல்லல" என்றால், "சொல்ல மாட்டான். அமுக்கப் பாக்கறான்" என்பார். பங்காளிகள் மூன்று பேரிடமும் வழக்கைச் சொல்லி ஆதரவு திரட்டியிருந்தார். அவர்களில் ஒருவர் என்னைத் தெருவில் நிறுத்தி, "மாப்ள, நாங்க வேணும்னா லாரி புடிச்சி பாண்டிக்கு வரட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் மாமா என்று கும்பிட்டேன்.

மாதம் முடிய இரண்டொரு நாள் இருக்கும்போது அதிகாரி போன் செய்தார். கம்பெனி வேண்டாம் என்று எழுதிவிட்டது. வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். அம்மா கூடையை இறக்கிவைத்துவிட்டு அப்படியே சிரித்தாள். அப்பா, "பயந்துட்டான்" என்று மட்டும் சொன்னார்.

மே மாதம் மூன்றாவது வாரம் சேலம் வழியாகப் போனோம். சேலம் தாண்டியதும் அம்மா ஜன்னல் வழியே பார்த்து, "மழ வர மாதிரி இருக்கே, அங்க கருப்பா" என்றாள். "அதான்மா மலை" என்றேன். அதன்பிறகு அறைக்குப் போய்ச் சேரும் வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. என் சட்டைக் கையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தாள். ஏலக் கரையில் அத்தனை பேரை வாயடைக்கும் அம்மாவை மலை வாயடைத்துவிட்டதை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்போம்.

அந்த வாரம் அவள் சமைத்தாள், தூங்கினாள், பக்கத்து அறைக்காரர்களிடம் தக்காளி விலை விசாரித்தாள். அப்பா இரண்டு கம்பளியையும் தானே போர்த்திக்கொண்டு ஏரியைச் சுற்றிச் சுற்றி நடந்தார். படகுத்துறையில் இருந்தவரிடம், துடுப்பு போடும் விதம் தப்பு என்று சண்டைக்குப் போனார்.

கிளம்புகிற காலையில் பைகளைக் கட்டி முடித்து அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தேன். கதவுக்குப் பின்னால் ஆணியில் அப்பாவின் கட்டம் போட்ட லுங்கி தொங்கியது. எடுக்கப் போனேன்.

"இருக்கட்டும் உடு" என்றார் அப்பா.

"யோவ், நாளைக்கு வேற ஆளு வருவான்யா இங்க" என்றாள் அம்மா.

"வரட்டும். இருந்துட்டுப் போவட்டும்" என்று சொல்லிவிட்டு, அப்பா லுங்கியை உதறி இன்னும் ஒழுங்காக மடித்து அதே ஆணியில் மாட்டினார். "அடுத்த வருசம் வரும்போது ஒண்ணு கம்மியா எடுத்தாந்தா போதும்."